கேட்டதற்கு மட்டும் பதில்

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான்தான். இதை நானாகச் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபீஸ் என்றால் சோளக்காட்டுச் சந்தைக்கு எதிரே மாடியில் இரண்டு அறை, கீழே ஸ்டோர். கொல்லிமலையில் ராகி, சாமை, மிளகு, குச்சிக்கிழங்கு போடுகிற குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. விதையும் உரமும், கைவசத் தானியம் தீர்ந்துபோகிற மாதங்களில் சாப்பாட்டு ராகியும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நான் மலைக்காரன் இல்லை. வீடு மலையடிவாரத்தில், காரவள்ளியில். அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஆளாளுக்குப் போனிலேயே படம் பிடித்து அனுப்பத் தொடங்கியதும் கடை படுத்துவிட்டது. அதன் பிறகு தினமும் காலை பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து போகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இந்த வேலை கிடைத்ததில் ஒரு நியாயமும் உண்டு. இரண்டு இடத்திலும் நான் செய்தது நகல் எடுக்கிற வேலைதான்.

சங்கத்தின் விவரமெல்லாம் டேட்டாபேஸ் என்கிற ஒன்றுக்குள் இருக்கிறது. அதற்குள் பல டேபிள்கள். உறுப்பினர்களுக்கு ஒன்று, யாருக்கு எந்த மூட்டை போனது என்பதற்கு ஒன்று, எங்கள் ஜீப் போகிற தடங்களுக்கு ஒன்று. அதனிடம் எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்குப் புரிகிற பாஷையில் ஒரு கேள்வி எழுத வேண்டும். அதற்குப் பெயர் க்வெரி. எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது, தான் எழுதிவைத்த க்வெரிகளையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். ‘இதைப் போட்டால் உறுப்பினர் லிஸ்ட் வரும்.’ ‘இதைப் போட்டால் வண்டி லிஸ்ட் வரும்.’ நான் அந்த ஃபைலுக்கு ‘மந்திரம்’ என்று பெயர் மாற்றினேன். என் பங்குக்கு நான் செய்த ஒரே திருத்தம் அது.

காப்பி எடுக்க, ஒட்ட, பொத்தானை அழுத்த. மொத்தம் மூன்று தட்டலில் வேலை முடிந்துவிடும். ஆனால் யாராவது பக்கத்தில் நின்றால் நான் முப்பது தட்டுவேன். நடுவில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி, “உம்” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மறுபடியும் தட்டுவேன். டேபிள் வந்து விழும். சங்கத் தலைவி அக்கா, “ஒரு நிமிசத்துல எடுத்துட்ட தம்பி” என்பார். நான் அடக்கமாகச் சிரிப்பேன்.

மந்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் நான் படித்ததில்லை. அதில் ‘வேர்’ என்று ஒரு ஆங்கிலச் சொல் அடிக்கடி வரும். அதற்குக் கீழே கையை வைத்தால் எதுவும் நடக்கலாம் என்று எனக்கு ஒரு பயம். ‘வேர்’ வந்தாலே எனக்கு வேர்க்கும். ஃபைலில் இல்லாத எதையாவது கேட்டால், போனில் இருக்கிற பதில் சொல்லும் செயலியிடம் கேட்பேன். அது உடனே ஒன்றை எழுதிக் கொடுக்கும். அதை ஒட்டினால் சில சமயம் வரும், சில சமயம் சிவப்பு எழுத்தில் ‘அப்படி ஒரு காலம் இல்லை’ என்று திட்டு விழும். டேபிளில் மேலிருந்து கீழே போகும் வரிசைக்குத்தான் காலம் என்று பெயர். எனக்கு அது என் ஜாதகத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே இருக்கும்.

இப்படியே ஒரு வருசத்துக்கு மேல் ஓட்டினேன். ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. பஸ்ஸை விட்டு இறங்கி, வயிறு இன்னும் வளைவிலேயே இருக்க, மாடிப்படி ஏறினேன். ஸ்டோர்க்காரர் எனக்கு முன்னால் வந்து மேசை அருகே நின்றுகொண்டிருந்தார். அவர் மாடிக்கு வருகிறவரே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் கீழேயிருந்து கூப்பிடுவார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் தயாராக இருந்த நக்கல் உள்ளே போய்விட்டது.

“சார், நேத்துப் போன ராகில ஒரு லாட்டு விதை ராகிங்க.”

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் அனுப்பிய லோடில், சாப்பாட்டு ராகியும் விதை ராகியும் ஒரே லாரியில் வந்திருக்கின்றன. ஏற்றும்போதே மாறிப்போய், சாப்பாட்டு ராகி என்று சீட்டு ஒட்டிய மூட்டைகளில் ஒரு பகுதி விதை ராகி. காலையில்தான் வியாபாரி கண்டுபிடித்துப் போன் செய்திருக்கிறார். விதை ராகி என்றால் மருந்து பூசியது. மண்ணுக்குள் பூச்சி தின்றுவிடக் கூடாது என்று பூசுவது. தின்னத் தகாதது என்று பார்த்ததும் தெரியட்டும் என்று அந்த மருந்தோடு சிவப்புச் சாயமும் சேர்த்துவிடுவார்கள். நெல்லில் பூசினால் தெரியும், மக்காச்சோளத்தில் பூசினால் பளிச்சென்று தெரியும். ராகியே சிவப்பு. அதன் மேல் சிவப்பைப் பூசிவிட்டு யார் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தார்களோ.

தலைவி அக்கா கைப்பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தார். அவருக்கும் விசயம் தெரிந்திருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“யாரு யாரு ஊட்டுக்குப் போச்சுன்னு எடு தம்பி. மாவு அரைச்சுக் களி கிண்டறதுக்கு முன்னால போய்ச் சொல்லிரோணும்.”

எந்தத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் லாட்டு நம்பர் ஒவ்வொரு மூட்டைக்கும் டேட்டாபேஸில் ஏறியிருந்தது. அதை ஏற்றியவனே நான்தான். எனவே பதில் உள்ளே இருக்கிறது, அதுவும் என் கையாலேயே போனது. அதை வெளியே எடுக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. கீழே ரோட்டில் எங்கள் ஜீப் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடித்தார். ஒவ்வொரு ஹாரனுக்கும் என் விரல் ஒரு எழுத்தைத் தவறாக அடித்தது.

வண்டி லிஸ்ட் மந்திரத்தை ஒட்டினேன். முதல் நாள் போன மூட்டை முழுவதும் வந்து விழுந்தது. நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து. அதில் அந்த ஒரு லாட்டை மட்டும் பிரிக்க வேண்டும். போனில் கேட்டேன். செயலி மிகவும் மரியாதையாக ஒன்று எழுதிக் கொடுத்தது. ஒட்டினேன். அப்படி ஒரு காலம் இல்லை. எழுத்தை மாற்றிக் கேட்டேன். அப்படி ஒரு காலம் இல்லை. பாவம், எங்கள் டேபிளை அது பார்த்ததே இல்லை. எங்கள் சங்கத்தில் எந்தக் காலத்துக்கு என்ன பெயர் என்று அதற்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு உத்தேசமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் ஒரு வருசம் ஓட்டினேன் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கடைசியில் மந்திர ஃபைலில் வேறொரு க்வெரியில் லாட்டு என்ற சொல் இருக்கும் வரியைக் கண்டேன். அதைப் பிய்த்து வண்டி லிஸ்ட்டின் வாலில் ஒட்டி, நம்பரை மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

வந்தது. முப்பத்திரண்டு பெயர். வண்டித் தடம் வாரியாக, ஊர் வாரியாக, போன் நம்பரோடு, கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக வந்தது.

அக்கா பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தில் ஒன்றை டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, இன்னொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போன் போடத் தொடங்கினார். கிடைத்தவர்களிடம் மூட்டையைத் தொடாதே, தனியாக வை என்றார். கிடைக்காதவர்களுக்கு நேராக ஆள் வரும். ஒவ்வொரு பெயராக டிக் விழுந்தது. ஒரு வீட்டில் மில்லுக்குக் கொண்டுபோக எடுத்துத் தலையில் வைத்தாகிவிட்டதாம். போன் வந்ததும் இறக்கி வைத்தார்களாம். அதைக் கேட்டதும், இதை யார் காப்பாற்றியது, நாம்தானே என்ற நினைப்பு எனக்கு வந்தது. கீழே ஆளனுப்பி டீயும் இரண்டு போண்டாவும் சொன்னேன்.

என்னைக் காப்பாற்றியது அந்தத் திமிர்தான். மத்தியானம் கமிட்டி ஆட்கள் வந்து கேட்பார்கள். அப்போது ‘முப்பத்திரண்டு மூட்டை, முப்பத்திரண்டு வீடு, ஒன்றுகூட விடவில்லை’ என்று சொன்னால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்? அதற்கு மூட்டைக் கணக்கும் வேண்டும். மந்திரத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. சின்னக் கேள்விதானே, நாமே எழுதுவோம் என்று போண்டாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுதினேன். மூட்டை டேபிளில், இந்த லாட்டில், மொத்தம் எத்தனை? வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் க்வெரி. ஒரே வரி.

முப்பத்தொன்பது.

போண்டாவைக் கீழே வைத்தேன். மறுபடியும் அழுத்தினேன். முப்பத்தொன்பது. வண்டி லிஸ்ட்டை அழுத்தினேன். முப்பத்திரண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டைதான் என்பது சங்கத்து விதி. ஒருவரே இரண்டு வாங்கியிருக்க வழியில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது என்று நினைக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. கம்ப்யூட்டர், நான் என்ற இரண்டு பேரில் யார் பொய் சொல்லக்கூடியவர் என்று யோசித்தபோது அந்த ஆசையும் போய்விட்டது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அந்தக் கணத்திலேயே கீழே ஒரு அம்மா, தலையில் முறுக்கு மூட்டையோடு, யாரையோ சிரித்துத் திட்டிக்கொண்டு போனார். திரும்பி அக்காவிடம் சொன்னேன். ஏழு மூட்டை லிஸ்ட்டில் இல்லை.

“எந்த ஏழு?” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

வழக்கம்போல் போனை எடுத்தேன். க்வெரி முழுவதையும் செயலியில் ஒட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்டேன். இதில் தப்பே இல்லை, இதைவிட அழகாக எழுதலாம் என்று சொல்லி, பத்து வரியை ஆறு வரியாக்கிக் கொடுத்தது. ஒட்டினேன். அதே முப்பத்திரண்டு பேர், அகரவரிசையில் வந்து நின்றார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். இனி நகல் எடுக்க எதுவும் பாக்கியில்லை. வேறு வழியில்லாமல் மந்திரத்தைப் படித்தேன்.

வாய்விட்டுத்தான் படித்தேன், மனசுக்குள் படித்தால் கண் வழக்கம்போல் தாண்டிப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி வந்தேன். ‘எடுத்துக் கொடு, பேரை, ஊரை, போனை. எதிலிருந்து? மூட்டை டேபிளிலிருந்து. அதோடு உறுப்பினர் டேபிளைச் சேர், உறுப்பினர் நம்பர் ஒத்துப்போகிற இடத்தில்.’ இது வரைக்கும் பிரச்சினை இல்லை. ‘அதோடு தடம் டேபிளைச் சேர், நாடு ஒத்துப்போகிற இடத்தில்.’

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, சேர் என்றால் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். எனக்கு அதுவரை அது தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய், அதுபாட்டுக்கு விளக்கத் தொடங்கியது. கல்யாணப் பந்திங்கக்கா. இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்துல ஒரு ஜோடி இருந்தாத்தான் இலை போடுவாங்க. ஜோடி ஜோடியாத்தான் உள்ளே விடுவாங்க. சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். அக்காவும் அங்கேதான் நின்றார்.

“அப்ப ஜோடி இல்லாதவன்?”

அவன் வாசலோடு போய்விடுவான். பந்தியில் இருக்கிற யாருக்கும் அவன் வந்ததே தெரியாது. சிவப்பு எழுத்து வராது, திட்டு வராது. இலை போட்டவர்களை எண்ணினால் கணக்கு கனகச்சிதமாக இருக்கும். தப்பான பதிலாவது கத்தும் என்று நான் நம்பியிருந்தேன். இது சரியான பதில் மாதிரியே சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

தடம் டேபிளைச் சேர்க்கிற அந்த வரியை அழித்தேன். யாரோ எழுதியதை ஒட்டாமல், எதற்கு என்று தெரிந்து ஒரு வரியை எடுப்பது அதுதான் முதல் தடவை. அழுத்தினேன். முப்பத்தொன்பது. இப்போது நாடு என்ற காலத்தையும் காட்டு என்றேன். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று வரிசையாக வந்தது. கீழே ஏழு பேருக்கு நேராக ஒரே பெயர்.

இந்தியா.

மலைக்காரர்களுக்கு நாடு என்றால் பத்திருபது சிற்றூர் சேர்ந்த ஒரு பகுதி. கொல்லிமலை முழுக்க அப்படித்தான் நாடு நாடாகப் பிரிந்திருக்கிறது. எந்த நாடு என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். எங்கள் ஜீப் தடமும் அந்தக் கணக்குப்படிதான். ஆனால் வாசலூர்பட்டியில் படகுத்துறைப் பக்கம் ஒருமுறை உறுப்பினர் சேர்க்கும் முகாம் போட்டபோது, டைப் அடிக்கக் கீழிருந்து தற்காலிக ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நாடு என்ற கட்டத்தைப் பார்த்ததும் அவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியா, இந்தியா, இந்தியா என்று தட்டிக்கொண்டே போய்விட்டார்கள். இந்தியாவுக்கு எங்கள் சங்கத்தில் ஜீப் தடம் கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் எப்போதும் பஸ்ஸில் வந்து ஸ்டோரில் தாங்களே மூட்டை எடுத்துப் போகிறவர்கள் என்பதால், லிஸ்ட்டில் அவர்கள் இல்லாததை இத்தனை நாளும் யாரும் கவனிக்கவில்லை.

“இந்தியாக்காரங்களை மட்டும் உட்டுட்டியே தம்பி,” என்றார் அக்கா. அவருக்கு உதடு கொஞ்சம் விரிந்து உடனே மூடியது. “சரி, நம்பரைச் சொல்லு.”

நான் சொல்லச் சொல்ல அவர் போட்டார். ஒவ்வொன்றாகக் கிடைத்தது. ஒரு வீட்டில் நேராக, ஒரு வீட்டில் பக்கத்துக் காட்டுக்காரர் வழியாக. ஆறு வீடு முடிந்தது. ஏழாவது போன் அணைந்து கிடந்தது. ஜீப் மலையின் மறு கோடியில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். ஸ்டோர்க்காரர் தன் பைக் சாவியை மேசையில் வைத்தார்.

நான் பைக்கில் போகும்போது என்னென்ன நினைத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். நாளைக்குப் பேப்பரில் என் படம் வந்தால் எந்தப் படத்தைப் போடுவார்கள் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. வாசலூர்பட்டி ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் படகில் உட்கார்ந்து கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு அழுகை மாதிரியே கேட்டது. ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கி, இரண்டு இடத்தில் காலை ஊன்றித் தள்ளி, விசாரித்து விசாரித்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில்.

வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். வீட்டுக்காரர் மிளகுக் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார். நான் மூச்சு வாங்க, சங்கத்திலிருந்து வருகிறேன், நேற்று வாங்கிய ராகியை அரைத்தீர்களா என்று கேட்டேன்.

இல்லை என்றார் அந்தப் பெண்.

சாப்பிட்டீர்களா?

“அரைக்காம எப்படீங்க சாப்புடறது?”

மூட்டை எங்கே? உள்ளே மூலையில் இருந்தது. வாய் பிரித்துக் கட்டியிருந்தது. பிரித்தீர்களா என்றேன். பிரித்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டி வைத்ததாகச் சொன்னார். வீட்டில் யாரும் ஒரு மணிகூட வாயில் போடவில்லையா? இல்லை. குழந்தைகள்? பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், காலையில் பழைய சோறுதான் சாப்பிட்டார்கள். நான் விசயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் மூட்டையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்கள். பிறகு வீட்டுக்காரர் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அதைத் தூக்கி என் பைக்கில் கட்டினார்.

ஏழும் முடிந்தது. கபகபவென்று பசித்தது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. கோழிக் குழம்பு. புது மிளகு இடித்துப் போட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

“வந்த காலோட ஒரு வாய் சாப்புட்டுப் போங்க சார்,” என்றார் வீட்டுக்காரர்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இந்த அழைப்பை நான் இரண்டாவது தடவை சொல்லவைத்ததே இல்லை. கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தட்டு வந்தது. சோறு வந்தது. சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, இன்றைக்கு என்ன விசேசம், கோழியெல்லாம் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நாங்க எங்கீங்க அடிச்சோம்? காலைல கூடையைத் தொறக்கறேன், வெடக்கோழி சுருண்டு கெடக்குது. துடிச்சுட்டு இருந்துச்சு. உசுரு போறதுக்குள்ள இவரு அறுத்துப்போட்டாரு,” என்றார் அந்தப் பெண், குழம்பை மொண்டபடி.

நான் தட்டைப் பார்த்தேன். குழம்பு இன்னும் ஊற்றவில்லை. கரண்டி சட்டியின் மேலே நின்றது.

“நேத்து அது என்னங்க தின்னுச்சு?”

“மூட்டையைப் பிரிச்சுப் பாத்தேன்ல, அப்ப ஒரு கை அள்ளி வீசினேன்.” சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கரண்டியை மெதுவாகச் சட்டிக்குள் விட்டார். “நீங்க கோழியப் பத்திக் கேக்கவே இல்லீங்களே சார்.”

கேட்கவில்லைதான். மனுசர்களைப் பற்றிக் கேட்டேன், மனுசர்களைப் பற்றிப் பதில் வந்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். யாராவது ருசி பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று ஒருவர் சொன்னதும் இன்னொருவர் பக்கம் திரும்பி அவரிடமும் தனியாகக் கேட்டேன். உப்புக்கூடப் பார்க்கவில்லை என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்காரர் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டினார். சட்டியோடு கவிழ்த்தோம். மூட்டையைத் தூக்கக் கையில் சுற்றிய துணியும் உள்ளே போனது. நல்ல சட்டி போகிறதே என்று அந்தப் பெண் ஒரு மூச்சுத் திட்டினார். வியாபாரியில் ஆரம்பித்து, சங்கம் வழியாக, என்னிடம் வந்து முடித்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே, குழியைச் சுற்றிச் சுற்றி வந்த அவர்கள் நாயைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தேன். மண்ணை மூடி, மேலே கல்லை வைத்து, கை கால் கழுவிக்கொண்டு, பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

ஸ்டார்ட் செய்துவிட்டு அணைத்தேன். நாய் இன்னும் போகவில்லை. குழியை விட்டுவிட்டு வேறு பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“கொடலை எங்கீங்க போட்டீங்க?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாழை மரத்துக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கில் எறிந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். மூன்று பேரும் ஓடினோம். நாய் எங்களுக்கு முன்னால் ஓடியது. நான் எறிந்த குச்சி நாயின் மேல் படவில்லை, ஆனால் அது பயந்து விலகியது. ரெக்கையும் குடலும் அப்படியே கிடந்தன, எறும்பு மட்டும் மொய்த்திருந்தது. அறுந்த இரைப்பையில் ராகி சிவப்பாகத் தெரிந்தது. மறுபடியும் குழி. மறுபடியும் கல்.

அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் ஏதாச்சும் கேக்கோணும்னா இப்பவே கேட்டுப்போடுங்க சார்.”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், புருவத்தைச் சுருக்கவில்லை, “உம்” கொட்டவில்லை. ஒரு கை ராகியை வீசினால் ஒரு கோழியா வந்து தின்னும்?

“மத்த கோழியெல்லாம் எங்கீங்க?”

அவர் முகம் மாறியது. வாழைத்தோப்புப் பக்கம் திரும்பி, “பா, பா, பா” என்று கூப்பிட்டார். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். மிளகுக் கொடிக்குக் கீழேயிருந்து ஒரு சேவல் வெளியே வந்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. அதற்குப் பின்னால் இரண்டு பெட்டை. அப்புறம் குச்சிக்கிழங்குச் செடி மறைவிலிருந்து இன்னொன்று, நிதானமாக, எங்களைப் பார்க்க அவசரமே இல்லாததுபோல் வந்தது. அந்தப் பெண் விரலை நீட்டி வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். மொத்தம் எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவர் விரல் நிற்கும் வரை நான் பைக் சீட்டில் உட்காரவில்லை.